ஒரு தடவைதான் கூப்பிட்டான்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணி பார்த்தேன். பதினொன்று ஐம்பது. பார்த்திருக்கவே வேண்டாம், முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்தவனுக்கு வாட்ச் சும்மா கைக்கு அழகு, இந்த வண்டி இந்தக் கடைசி நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு வந்து நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மைனி, அண்ணன் பெண்டாட்டி, பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். எட்டரை வண்டியை விட்டேன், சட்டை காயவில்லை என்று. ஒன்பதரை வண்டியையும் விட்டேன், அதற்குக் காரணம் கண்டுபிடிக்கக்கூட நான் மெனக்கெடவில்லை, பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அது கிளம்பிப் போவதை வேடிக்கை பார்த்தேன். இப்போது கத்திரி பிறந்து நாலு நாள், வெயில் நடு மண்டையில் நிற்கிறது, மலையடிக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் வண்டிப்பாதை, வழியில் ஒரே ஒரு புளியமரத்தைத் தவிர நிழல் என்று ஒன்று கிடையாது, அதிலும் உச்சி வேளை. வேண்டும் எனக்கு. இப்போதைய கண்டக்டர் சுப்பராயன் படியில் நின்றபடியே, "அண்ணாச்சி, இந்த வெயில்லயா மலையடிக்குப் போறிய? செத்த இருந்து வெயில் தாழப் போகக்கூடாதா?" என்றான். "சோலி இருக்குடே" என்றேன். அவன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். எதை நினைத்துப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும், போன வருஷம் இதே நாளில் இதே பாதையில் என் அண்ணன் செத்துப்போனது சுற்றுவட்டாரத்தில் தெரியாத ஆள் இல்லை. "திரும்பிப் பாக்காமப் போங்க" என்று சொல்லி இரண்டு விசில் கொடுத்தான். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்க்காமல் போவதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா, சுப்பராயா? மைனி வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் டீக்கடையில் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த பாப்பாத்தி, "உலகம்மா அப்பவே செங்கல்லத் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டா. போறதுக்கு முந்தி உன்னயக் காணும்னு ரெண்டு மட்டம் இங்க வந்து பாத்தா. இம்புட்டு நேரமா எங்க கெடந்த?" என்று கேட்டாள். வண்டி லேட் என்றேன். என் வாயால் ஒரு பஸ்ஸைப் பழி சொன்னது அதுதான் முதல் தடவை.

நடக்கிறேன். செருப்பு புதைகிறது, மண் வறுத்து இறக்கிய மாவு மாதிரி சுடுகிறது. மலை எதிரே நிற்கிறது. மலையைப் பார்த்து நடப்பதில் இது ஒரு தொல்லை, எவ்வளவு நடந்தாலும் அது அங்கேயே நிற்கும், பிறகு திடீரென்று தலைக்கு மேலே நிற்கும், நடுவில் எப்போது கிட்டே வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைக்கு அது நீலமாகக்கூட இல்லை, வெளுத்துப் போயிருக்கிறது, பங்குனியில் காட்டுத்தீ எரிந்த தடம் மட்டும் இடுப்பில் கறுப்பாகத் தெரிகிறது. காக்கை இல்லை. காற்று இல்லை. பின்னால் யாரும் இல்லை. இல்லை என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்க்காமலே தெரிந்துகொள்கிறேன். போன வருஷம் நான் இதே பாதையில் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தேன், மலையிலிருந்து ஊரைப் பார்த்து, அண்ணன் எனக்குப் பின்னால். அவன் பேர் சங்கிலிபூதத்தான், ஊருக்கு அவன் பூதம், ஆனால் ஆள் என்னைவிட ஒல்லி, அறுபத்து நாலு வயசிலும் வேட்டி இடுப்பில் நிற்காது. மலையடியில் ஒன்றரை ஏக்கர் எலுமிச்சைத் தோட்டம் அவனுக்கு. தோட்டத்திலிருந்து கிளம்பி, ஆனைப்பாறையைத் தாண்டியதும் அவன் பின்தங்கினான். நான் கவனிக்கவில்லை, இல்லை, கவனித்தேன், நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து என் பேரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. எங்கள் பக்கத்தில் உச்சி வேளையில் பின்னாலிருந்து கூப்பிட்டால் யாரும் திரும்ப மாட்டார்கள். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். அது அப்படி இல்லை. அதற்கு இங்கே யாரும் பேர் சொல்வதில்லை, அது என்றால் அதுதான். தெரிந்தவர் குரலில் கூப்பிடும், ஒரு தடவை, மிஞ்சிப் போனால் இரண்டு தடவை, மூன்றாவதுக்கு அதற்கு மூச்சு கிடையாது. என்ன என்று கேட்டால் போச்சு. மூன்றாவது குரலுக்குத்தான் திரும்ப வேண்டும். நான் வீட்டுக்குப் போய், மைனி கொடுத்த மோரைக் குடித்து, அண்ணன் வருவான் என்று கட்டிலில் சாய்ந்தேன், கண் அசந்துவிட்டது. நாலு மணிக்குத்தான் மைனி என்னை எழுப்பி, அவுக எங்க என்று கேட்டாள். ஆட்களோடு நானும் போய்ப் பார்த்தபோது ஒரு முள் உடைமரத்தடியில் மல்லாந்து கிடந்தான், வாய் திறந்து கிடந்தது. வெயில் அடித்துவிட்டது என்றார் டாக்டர். விழுந்த பிறகும் ஒரு மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒரு தடவைதான் கூப்பிட்டான். அன்றைக்கு முற்றத்தில் நின்று அழுதுகொண்டே நான் சொன்ன வாக்கியம் அது. சொல்லி முடிக்கவில்லை, ஊரே தலையாட்டியது. "அப்பம் கூப்பிட்டது அவன் இல்லப்பா, அதுதான். நீ திரும்பாதது நல்லதாப் போச்சு, இல்லன்னா ரெண்டு பொணம்லா விழுந்திருக்கும்" என்று சொல்லி என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். வேறு ஊராக இருந்தால் மூஞ்சியில் காறித் துப்பியிருப்பார்கள். இங்கே எனக்குத் திருநீறு பூசிவிட்டார்கள். நானும் குனிந்து பூசிக்கொண்டேன். அதில் பெரிய வேடிக்கை, இந்தப் பாடத்தை எனக்கு மண்டையில் ஏற்றியதே அண்ணன்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, குரலை மாற்றி, "ஏல ஆவுடை" என்பான், ஒரே தடவை. திரும்பினேன் என்றால் நங்கென்று குட்டு விழும். "செத்தல. நீ செத்துட்ட, போ" என்பான். எத்தனை தடவை செத்திருப்பேன். கடைசியில் என் கழுத்து பழகிவிட்டது, அவன் கூப்பிட்டால் விறைத்துக்கொண்டு நேரே பார்க்கும், அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம், தேறிட்டடே என்று தோளில் கை போட்டுக்கொள்வான். அந்தக் கை கனம் இல்லாத கை. இப்போது இடது தோளில் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை, சட்டைதான், தொட்டுப் பார்த்துவிட்டேன்.

செருப்புச் சத்தம் சரியில்லை. என் அடிக்கு ஒரு சத்தம் வர வேண்டும், வருகிறது, அதற்குப் பிறகு சின்னதாக இன்னொன்றும் வருகிறது. செருப்பின் வார் தளர்ந்திருக்கிறது, குதிகாலில் அடிக்கிறது, அவ்வளவுதான். நின்றால் அதுவும் நிற்கிறது. நின்றால் நிற்காமல் பின்னே என்ன செய்யும், என் செருப்புதானே. ஆனால் நான் நின்ற பிறகு ஒரு அரை அடி அதிகமாகக் கேட்டதோ? புளியமரம் வந்துவிட்டது, மரத்தடிக்குப் போனால் ஐந்து நிமிஷம் உட்காரலாம், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன், பாதையில் கண்ணை வைத்து அப்படியே தாண்டுகிறேன். நான் பயந்தவன் இல்லை. மலைச்சாலையில் ராத்திரி டிரிப் போயிருக்கிறேன், சாராயம் குடித்தவனைச் சட்டையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். ஒரு விசிலுக்கு அர்த்தம் நில் என்பது. முப்பத்தொரு வருஷமும் ஒரு விசிலுக்கு வண்டி நின்றது. வண்டிக்குப் பின்னால் எங்கோ ஒரு கிழவி கையைத் தூக்கினாள் என்றாலும் ஊதி நிறுத்துவேன், டிரைவர்கள் என்னைத் திட்டுவார்கள், நீ என்ன ஊர்ச் சனத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போகவா வந்திருக்கிறாய் என்பார்கள். முன்னப்பின்ன தெரியாத கிழவிக்கெல்லாம் நின்றவன். போதும், இதையே நினைக்கக் கூடாது. தண்ணீர் பாட்டிலில் பாதி இருக்கிறது, வெந்நீராகிவிட்டது. குடித்தேன். குடிக்கும்போது தலையை அண்ணாந்தால் மலை, சொன்னேனே, கிட்டே வந்துவிட்டது, பாறைக்குப் பாறை பிளவு தெரிகிறது.

மைனியிடம் என்ன சொல்வேன்? போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கேட்டாள். என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளை குட்டி கிடையாது, அதிலிருந்து ஞாயிறு தவறாமல் மைனி வீட்டில்தான் எனக்குச் சோறு. எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு, இருபதில் அந்த வீட்டுக்கு வந்தவள், அம்மா செத்தபோது எனக்குத் தலை துவட்டிவிட்டவள். எனக்கு அந்த வீட்டு வாசலை விட்டால் போக வேறு வாசல் கிடையாது, இதை வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "வருசம் வருதுலா ஆவுடை. அவுக விழுந்த எடத்துல பீடம் வைக்கப் போறேன். அகாலத்துல போன ஆளு, எடம் இல்லாம அலையக் கூடாது." நல்லது மைனி என்றேன். "எடத்த நீதான் வந்து காட்டணும். அதோட ஒண்ணு கேக்கணும். கூப்பிட்டது அவுகளா, அதுவா? எத்தன தடவ கூப்பிட்டுச்சு?" ஒரு தடவதான் மைனி, அன்னைக்கே சொன்னேனே என்றேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். "இங்க வச்சுச் சொல்லாத. அந்த எடத்துல சூடம் கொளுத்தி வைக்கேன், அத அணைச்சுச் சொல்லு. ஒரு தடவன்னா அது அவுக இல்ல, விழுந்த ஒடனே நெனவு தப்பி நிம்மதியாப் போயிருப்பாக. மூணுன்னா…" அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துப் பொய் சொன்னவன் உருப்பட்டதாக எங்கள் பக்கத்தில் சரித்திரம் இல்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று டெப்போ யூனியன் மீட்டிங்கில் மைக் பிடித்துப் பேசியவன் நான். அந்த மைக்கை இப்போது கொண்டு வந்து கொடுத்தால் நன்றாக இருக்கும்.

இரண்டு. சரி, இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். மைனி இல்லை, யாரும் இல்லை, மலை மட்டும்தான் இருக்கிறது, ஒத்துக்கொண்டால் என்ன? முதல் குரலுக்கு உடம்பு புல்லரித்தது, அது நிஜமான பயம், அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. இரண்டாவது குரல் வந்தபோது அண்ணன்தான் என்று தெரிந்துவிட்டது. அவன் குரலில் ஒரு கரகரப்பு உண்டு, பீடிக்காரன் கரகரப்பு, அதை எதுவாலும் காப்பியடிக்க முடியாது. தெரிந்தும் நான் ஏன் நடந்தேன் என்றால், கோபம். காலையில் தோட்டத்தில் மோட்டார் பைப்பைக் கழற்றப் போய் நான் அதை உடைத்துவிட்டேன். எலுமிச்சை எடுக்க வந்த வியாபாரி இருக்கிறான், அவன் முன்னால் வைத்து அண்ணன் சிரித்தான். "இவன என்னத்துக்கு விட்டேன்? விசில் ஊதத் தெரியும், வேற என்ன தெரியும் இவனுக்கு?" அவ்வளவுதான். அறுபது வயசுக் கிழவனுக்கு அது பொறுக்கவில்லை. வழியெல்லாம் உர்ரென்று வந்தேன். இரண்டாவது தடவை அவன் கூப்பிட்டபோது, கூப்பிடட்டும், விசில் ஊதுகிறவன் பின்னால் அவனே ஓடி வரட்டும் என்று நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே நினைத்தேன். அப்புறம் மூன்றாவது வரவில்லை. வந்திருந்தால் நின்றிருப்பேன். கோபமாவது மண்ணாவது, மூன்றாவதுக்கு மனுஷன் நிற்காமல் இருப்பானா? வரவில்லை. ஆகவே இரண்டு. மைனியிடம் இரண்டு என்று சொல்லலாம், இரண்டு என்றால் அதுவாகவும் இருக்கலாம், சூடமும் சுடாது. இன்றைக்கு யாராவது கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிவிடுவேன், அதுவாக இருந்தாலும் சரி, அடித்துப் போட்டுவிட்டுப் போகட்டும், எனக்கு என்ன பிள்ளையா குட்டியா. அண்ணே, கூப்பிடு. ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்.

கூப்பிடவில்லை. ஆனைப்பாறையின் முதுகு தெரிகிறது. அதற்கு இந்தப் பக்கம் உடைமரம், மஞ்சளாகப் பூத்திருக்கிறது, வெட்கங்கெட்ட மரம், இந்த வெயிலில் அதற்குப் பூ ஒரு கேடு. நிழல் என் காலுக்குள் போய்விட்டது. தொண்டையில் எச்சில் இல்லை. காதுக்குள் கொய்ங் என்று ஒன்று இழுக்கிறது, நிற்கிறது, இழுக்கிறது. நிற்கும்போதுதான் பயமாக இருக்கிறது, யாரோ வாயைத் திறப்பதற்காக அது நிற்கிற மாதிரி.

"ஆவுடை."

பின்னாலிருந்து. வறண்ட குரல், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். திரும்பு. முதல் தடவையே திரும்புவேன் என்று சொன்னாயே, திரும்பு. கழுத்து விறைத்துக்கொண்டு நேரே பார்க்கிறது, கண் உடைமரத்தில் இருக்கிறது, கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

"ஏ ஆவுடை!"

இரண்டு. எண்ணுகிறேன், டிக்கெட் எண்ணுகிற பழக்கம். இன்றைக்கு எனக்கு யார் மேலும் கோபம் இல்லையே, பின்னே ஏன் திரும்பவில்லை? மூன்றாவது வரட்டும், மூன்றாவது வந்தால் மனுஷன்தான், திரும்பிவிடலாம், ஒரு பாவமும் இல்லை, ஒரு பயமும் இல்லை, கூப்பிடு, சீக்கிரம் கூப்பிடு.

"ஆவுடை, நில்லு!"

வந்துவிட்டது. மூன்று. தெளிவாக, கணீரென்று. நான் ஓடுகிறேன். ஒரு செருப்பு கழன்றுவிட்டது, மண் சுடுகிறது, ஓடுகிறேன். ஓடும்போதுதான் தெரிகிறது, இந்த ஓட்டம் எனக்குப் புதிதில்லை, இதே இடத்தில் இதற்கு முன்னால் ஓடியிருக்கிறேன். போன வருஷம் மோர்ச் செம்பை வாங்கும்போது என் நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது, "என்ன இப்படி மூச்சு இளைக்கு?" என்று மைனிகூடக் கேட்டாள், வெயில் என்றேன். மூன்றாவதும் கேட்டது. ஒரு வருஷமாக நான் மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தேன், கேட்டது, எனக்குக் கேட்டது. "ஏல ஆவுடை, முடியலல" என்று கேட்டது. அதைக் கேட்டுத்தான் ஓடினேன். திரும்பினால் அவன் எப்படிக் கிடப்பானோ, அதைப் பார்க்க வேண்டுமே என்று ஓடினேன்.

சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை பிடிக்கிறது. கத்திவிட்டேன். மைனி. தலையில் முந்தானை, வெறுங்கால், கையெல்லாம் செங்கல் தூசி. குனிந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். ஒரு கையில் என் செருப்பு.

"புளியமரத்தடியில உனக்காகத்தான உக்காந்திருந்தேன். செத்த கண் அசந்த நேரத்துல தாண்டிட்டியே, கண்ண எங்க வச்சிட்டுப் போற? இந்தா, போடு, கால் வெந்துரும்." செருப்பைக் கீழே வைத்தாள். "மூணு தடவ கூப்பிட்டேனே ஆவுடை."

"அதுன்னு நெனச்சிட்டேன் மைனி."

"அது மூணு தடவ கூப்பிடாதே" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே அது கேட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டவள், என் முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? உடைமரத்தைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டுவது போலக் குனிந்துகொண்டேன். வார் காலில் ஏறமாட்டேன் என்கிறது. சொல், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல், இப்போதாவது. வாரையே இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவும் இல்லை. சூடத்துக்கு இனி வேலை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு வாங்குவது மெல்ல அடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முகத்தை மூடின முந்தானையை வெகு நேரம் எடுக்கவில்லை.

"சரி. எடத்தக் காட்டு" என்றாள்.

"நீங்க முன்னால போங்க மைனி."

"நீ முன்னால போ."

நடக்கிறேன். பின்னால் அவள் வருகிறாள். வெறுங்காலுக்குச் சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் அவள் மூச்சு கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. என்னைத் திட்டலாம், கல்லை எடுத்து எறியலாம், ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், ஒரு தடவை ஆவுடை என்று கூப்பிட்டால் போதும், திரும்பி அப்படியே அவள் காலில் விழுந்துவிடுவேன். மலை தலைக்கு மேலே நிற்கிறது. உடைமரம் வந்துவிட்டது. மைனி என்னைக் கூப்பிடவே இல்லை.